பெட் ஸ்கேன் எடுக்கப் போறீங்களா? மலைப்பாதையில் மிட்டாய் கூட வாயில் போடாதீங்க!

கொடைக்கானல்:
புற்றுநோய்க்கு வைத்தியம் பார்க்கப் போகிறவர்களிடம் ‘ஒரு பெட் ஸ்கேன் எடுத்துட்டு வாங்க’ என்று டாக்டர்கள் சீட்டு எழுதிக் கொடுப்பது இப்போது சகஜம். பூம்பாறை, மன்னவனூர், தாண்டிக்குடி, பண்ணைக்காடு என மலைக்கிராம மக்கள் இதற்காக மதுரைக்கோ, கோவைக்கோ இறங்க வேண்டும். கொடைக்கானலில் இருந்து மதுரை சுமார் 120 கிலோ மீட்டர். அவ்வளவு தூரம் போன பிறகு, ஒரு சின்ன விஷயம் தெரியாததால் ஸ்கேன் எடுக்காமலே திரும்ப நேர்ந்தால் கூலியும் போச்சு, பஸ் காசும் போச்சு.

சர்க்கரையை தேடும் ஸ்கேன்

சி.டி. ஸ்கேன் கட்டி எங்கே இருக்கு, எவ்வளவு பெரிசு என்று காட்டும். பெட் ஸ்கேன் காட்டுவது வேறு. உடம்பில் எந்த இடம் சர்க்கரையை அதிகமாக இழுக்கிறது என்பதை காட்டும். புற்றுநோய் செல்களுக்கு சர்க்கரை பசி அதிகம். இதை ஜெர்மனி விஞ்ஞானி ஆட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டறிந்தார்.

எப்.டி.ஜி. என்ற மருந்து சர்க்கரை மாதிரியே இருக்கும். அதில் கொஞ்சம் கதிர்வீச்சு கலந்திருக்கும். ஊசியில் ஏற்றினால், சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடத்தில் போய் சேர்ந்து படத்தில் ‘பளிச்’ என்று தெரியும். இந்த மருந்து 1976-ல் அமெரிக்காவில் முதன்முதலாக மனிதர்களுக்கு செலுத்தப்பட்டது. இந்தியாவுக்கு பெட் ஸ்கேன் வந்தது 2002-ல், மும்பையில். நோய் எங்கெங்கே பரவியிருக்கு, ஆபரேஷனா, கீமோவா என முடிவு செய்ய இது டாக்டர்களுக்கு உதவுகிறது.

வயிறு காலியாக இருக்கணும்

ஸ்கேனுக்கு முன் 6 மணி நேரம் சாப்பிடக்கூடாது. டீ, காபி, பிஸ்கட் எதுவும் ஆகாது. வெறும் தண்ணீர் நிறைய குடிக்கலாம். மலை மக்கள் கோட்டை விடுவது இங்கேதான். கொண்டை ஊசி வளைவில் குமட்டுதே என்று புளிப்பு மிட்டாயோ, இஞ்சி மரப்பாவோ வாயில் போட்டால் அதுவும் சர்க்கரைதான். வாந்திக்கு மாத்திரை போடலாமா என்பதை முன்கூட்டியே டாக்டரிடம் கேட்டுக் கொள்வது நல்லது.

முந்தின நாள் மூட்டை தூக்குவது, தோட்டத்தில் கொத்துவது, மேடு ஏறி நடப்பது வேண்டாம். உழைத்த தசையும் சர்க்கரையை இழுக்கும். படம் குழம்பிவிடும்.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் அதை அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே சொல்லிவிட வேண்டும். ரத்தத்தில் சர்க்கரை 200-க்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஸ்கேனை தள்ளி வைத்து விடுவார்கள். மாத்திரை, இன்சுலினை எப்போது நிறுத்துவது, எப்போது போடுவது என்பதை டாக்டர்தான் சொல்லணும். தானாக நிறுத்தக்கூடாது.

குளிர் ஆகாது

கழுத்திலும் தோள்பட்டையிலும் பழுப்பு கொழுப்பு என்று ஒன்று உண்டு. உடம்பு குளிர்ந்தால் சூடு கொடுக்க அது வேலை செய்யும். அதற்கும் சர்க்கரை வேணும். எனவே குளிரில் நடுங்கியபடி போனால் அந்த இடமும் படத்தில் ஒளிரும். கழுத்தில் கட்டியா, கொழுப்பா என்று சந்தேகம் வரும். அதனால் பஸ்சில் ஸ்வெட்டர், மப்ளர் கட்டாயம். ஜன்னலை மூடிக் கொள்ளவும்.

லேட் ஆனால் மருந்து வீண்

இந்த மருந்தை வாங்கி அலமாரியில் வைக்க முடியாது. 110 நிமிடத்துக்கு ஒரு முறை வீரியம் பாதியாகிவிடும். அதனால் சொன்ன நேரத்துக்கு போகணும். சீசன் நேரத்து நெரிசல், மழை, பனிமூட்டம் என மலைப்பாதையை நம்ப முடியாது. முந்தின நாளே இறங்கி சொந்தக்காரர் வீட்டில் தங்குவது உத்தமம்.

உள்ளே என்ன நடக்கும்?

முதலில் விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பார்கள். பிறகு கையில் ஊசி. வலி அவ்வளவுதான். அதன்பின் சுமார் ஒரு மணி நேரம் போர்வை போர்த்தி பேசாமல் படுத்திருக்க வேண்டும். செல்போன் பேச்சு, சூயிங் கம் கூடாது. சிறுநீர் கழித்துவிட்டு வந்ததும் மெஷினில் படுக்க வைப்பார்கள். அது மெதுவடை மாதிரி நடுவில் ஓட்டை உள்ள பெரிய வளையம். எம்.ஆர்.ஐ. மாதிரி ‘தடதட’ சத்தம் கிடையாது. சுமார் அரை மணி நேரம் அசையாமல் இருந்தால் போதும்.

நகை, சங்கிலியை வீட்டிலேயே வைத்துவிட்டு போவது நல்லது. கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பேரப்பிள்ளையை தூக்கலாமா?

அன்று மட்டும் வேண்டாம். கைக்குழந்தை, கர்ப்பிணி பக்கத்தில் நெருங்கி உட்காராமல் இருப்பது நல்லது. நிறைய தண்ணீர் குடித்தால் மருந்து சிறுநீரில் வெளியேறிவிடும். 11 மணி நேரத்தில் 64-ல் ஒரு பங்குதான் மிஞ்சும். மறுநாள் பேரனை தாராளமாக கொஞ்சலாம். ஸ்கேன் முடிந்ததும் சாப்பிடலாம்.

ஒளிர்வதெல்லாம் புற்றுநோய் அல்ல

ரிப்போர்ட்டை பார்த்து பயந்து போகிறவர்கள் நிறைய. காசநோய், புண், சளித் தொற்று கூட ஒளிரும். மூளையும், சிறுநீர்ப்பையும் எல்லோருக்கும் ஒளிரும். சில வகை புற்றுநோய் சரியாக ஒளிராமலும் போகலாம். எனவே ரிப்போர்ட்டை எதிர்வீட்டுக்காரரிடம் காட்டி முடிவு கட்டாமல், சீட்டு எழுதிய டாக்டரிடமே காட்டணும்.

பணத்துக்கு என்ன வழி?

மதுரை அரசு ராஜாஜி ஆஸ்பத்திரியில் பெட் ஸ்கேன் வசதி இருக்கிறது. முதல்வரின் காப்பீட்டு திட்ட அட்டை உள்ளவர்கள், தனியாரிடம் கடன் வாங்கி கட்டுவதற்கு முன் அங்குள்ள காப்பீட்டு கவுண்ட்டரில் விசாரிக்க வேண்டும். காப்பீட்டு அட்டை, ரேஷன் கார்டு, ஆதார், டாக்டர் சீட்டு, பழைய ஸ்கேன் படங்கள், சதை பரிசோதனை ரிப்போர்ட், தினமும் போடும் மாத்திரை அனைத்தையும் ஒரே பையில் போட்டு எடுத்துச் செல்லவும். துணைக்கு ஒரு ஆள் இருந்தால் இன்னும் நல்லது.