நிற்கத் தெரிந்த தறி

விசைத்தறியில் பாவு நூல் ஒன்று அறுந்துபோனால் சாதாரணத் தறிக்கு அது தெரியாது. நாடா போகும், வரும். துணி சுற்றிக்கொண்டே இருக்கும். அறுந்த இழை இருந்த இடத்தில் மட்டும் நெடுக ஒரு கோடு விழுந்துகொண்டே போகும். ஆள் பார்த்து நிறுத்துவதற்குள் ஒரு முழமோ ஒரு கஜமோ பழுதாகியிருக்கும். சோமனூர், பல்லடம் பக்கம் தறிக்கூடத்துக்குள் போய் நின்றவர்களுக்குத் தெரியும், தறி ஓட்டுபவரின் கண் துணியை விட்டு அதிகம் நகராது. நெய்வதைத் தறியே செய்துவிடுகிறது. மனிதருக்கு மிஞ்சுவது காவல் வேலை.

இந்தக் காவல் வேலையைத் தறியிடமே ஒப்படைத்தவர்களில் ஒருவர் சகிச்சி டொயோடா. ஜப்பானின் இன்றைய ஷிசுவோக்கா மாநிலத்தில் 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தவர். 1890இல் மரக் கைத்தறி ஒன்றைத் திருத்தி அமைத்தார். 1896இல் அவர் செய்த விசைத்தறி, ஊடை நூல் அறுந்தாலோ தீர்ந்தாலோ தானாக நின்றது. 1924இல் மகன் கீச்சிரோவும் சேர்ந்து முடித்த ஜி வகைத் தானியங்கித் தறி, ஓட்டத்தை நிறுத்தாமலே நாடாவை மாற்றிக்கொண்டது. பாவு அறுந்தால் நின்றது. நெசவு இயந்திரங்களுக்குப் பேர்போன இங்கிலாந்தின் ஓல்டாம் நகரத்து பிளாட் பிரதர்ஸ் நிறுவனமே 1929இல் ஒரு லட்சம் பவுண்டுக்கு ஒப்பந்தம் போட்டு இதன் உரிமையை வாங்கியது.

பாவு அறுந்ததைத் தறி எப்படி அறிகிறது? டிராப் வயர் என்னும் அமைப்பைப் பார்த்தால் புரிந்துவிடும். ஒவ்வொரு பாவு இழையின் மேலும் மெல்லிய உலோகத் தகடு ஒன்று மாட்டப்பட்டிருக்கும். இழைக்கு ஒன்று என்று ஒரே தறியில் ஆயிரக்கணக்கில் வரிசையாகத் தொங்கும். இழை விறைப்பாக இருக்கும்வரை தகட்டைத் தாங்கிக்கொள்ளும். அறுந்த நொடியில் பிடிமானம் போய்த் தகடு கீழே விழும். கீழே பல் வைத்த சட்டம் ஒன்று இடமும் வலமுமாக அசைந்துகொண்டிருக்கும். விழுந்த தகடு அந்தப் பற்களுக்கிடையே சிக்கியதும் சட்டம் அசைய முடியாமல் நிற்கும். அந்தத் தடை ஒரு நெம்புகோல் வழியாகப் போய் விசையைத் துண்டிக்கும். மின்சாரமோ கணினியோ தேவையில்லை. சில கிராம் எடையும் புவியீர்ப்பும் போதும்.

நின்றுவிடும் தறிகள் வேறு நாடுகளிலும் இருந்தன. அமெரிக்காவின் நார்த்ராப் தறி 1890களிலேயே இதைச் செய்தது. டொயோடா குடும்பத்தின் தனிச்சிறப்பு, தறியில் கற்றதைக் கார் ஆலைக்கு எடுத்துப் போனதில் இருக்கிறது. தானே நிற்கும் தறி என்றால் ஒவ்வொரு தறிக்கும் ஓர் ஆள் காவல் நிற்க வேண்டாம். ஒருவரே பல தறிகளைப் பார்த்துக்கொள்ளலாம், நின்ற தறிக்கு மட்டும் போனால் போதும். அதைவிடப் பெரிய லாபம் ஒன்றும் உண்டு. நூல் எங்கே அறுந்ததோ அங்கேயே தறி நிற்பதால் ஏன் அறுந்தது என்று அந்த இடத்திலேயே பார்க்கலாம். துணி மடித்து மூட்டை கட்டிய பிறகு பார்த்தால் பழுது மட்டும்தான் கண்ணுக்குத் தெரியும், காரணம் தெரியாது.

கீச்சிரோ 1937இல் டொயோட்டா கார் நிறுவனத்தைத் தொடங்கினார். குடும்பத்தின் நூற்பு, நெசவு நிறுவனத்தில் 1932இல் வேலைக்குச் சேர்ந்த தாய்ச்சி ஓனோ 1943இல் கார் ஆலைக்கு மாறினார். அங்கே லேத், டிரில்லிங் மெஷின் ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆள் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். தறிக்கூடத்தில் வளர்ந்த ஓனோவுக்கு அது வீணாகப் பட்டது. வேலை முடிந்தால், அல்லது தவறு நேர்ந்தால், மெஷின் தானே நிற்கும்படி சிறு சிறு அமைப்புகளைப் பொருத்தினார். ஒருவரே பல மெஷின்களை ஓட்டும்படி அவற்றின் இடத்தை மாற்றி வைத்தார். தேவையானது தேவையான நேரத்தில் மட்டும் வரட்டும் என்ற கீச்சிரோவின் எண்ணத்தை, பெட்டியோடு பயணம் செய்யும் கான்பான் அட்டை மூலம் ஆலை முழுக்கக் கொண்டுவந்தவரும் ஓனோதான். உலகம் பின்னாளில் டொயோட்டா உற்பத்தி முறை என்று படித்தது இங்கிருந்து வளர்ந்தது.

மெஷினுக்குக் கொடுத்த அதே உரிமை அடுத்து மனிதருக்கு வந்தது. அசெம்பிளி லைனில் ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ ஒரு நிமிட வேலை. தலைக்கு மேலே லைன் நெடுக ஒரு கயிறு ஓடும். போல்ட் ஒன்று பாதி இறங்கிச் சிக்கிக்கொண்டது என்று வையுங்கள். வேலை செய்பவர் கயிற்றை இழுக்கிறார். மேலே தொங்கும் ஆன்டான் என்னும் விளக்குப் பலகையில் அவர் நிற்கும் இடத்தின் எண் மஞ்சளாக எரியும், ஒரு மெட்டும் ஒலிக்கும். லைன் அப்போதே நிற்பதில்லை. ஐந்தாறு பேருக்கு ஒருவராக இருக்கும் டீம் லீடர் விரைந்து வருகிறார். அந்த இடத்தின் எல்லைக்கோட்டைக் கார் தொடுவதற்குள் சரிசெய்துவிட்டால் கயிற்றை மறுபடி இழுத்து விளக்கை அணைப்பார். முடியாவிட்டால், கார் கோட்டுக்கு வந்ததும் விளக்கு சிவப்பாகும், லைன் நிற்கும். இப்போது பல ஆலைகளில் கயிற்றின் இடத்தில் பொத்தான் வந்துவிட்டது, ஏற்பாடு அதேதான்.

இதன் உயிர் அந்த டீம் லீடரிடம் இருக்கிறது. கயிற்றை இழுத்தால் ஒரு நிமிடத்துக்குள் உதவிக்கு ஆள் வருவார் என்ற நம்பிக்கை இல்லாவிட்டால் யாரும் இழுக்கமாட்டார்கள். வந்தவர் முகம் சுளித்தால் அடுத்த முறை கை உயராது. சிக்கிய போல்ட்டோடு கார் நகர்ந்து போகும். அதன்மேல் சீட்டும் கம்பளமும் ஏறும். கடைசியில் பழுதுபார்க்கும் இடத்தில் எல்லாவற்றையும் கழற்ற வேண்டிவரும்.

நின்ற பிறகு என்ன செய்வது என்பதையும் ஓனோ விட்டுவைக்கவில்லை. ஏன் என்று ஐந்து தடவை கேட்கச் சொன்னார். அவர் சொன்ன உதாரணம் தொழிற்சாலைகளில் இன்றும் பாடமாக இருக்கிறது. மெஷின் நின்றது, ஏன்? சுமை மிகுந்து பியூஸ் போனது. சுமை ஏன் கூடியது? பேரிங்கில் எண்ணெய் போதவில்லை. ஏன் போதவில்லை? எண்ணெய் பம்ப் சரியாக இழுக்கவில்லை. ஏன்? பம்பின் தண்டு தேய்ந்திருந்தது. ஏன் தேய்ந்தது? வடிகட்டி இல்லாததால் உலோகத் துகள் உள்ளே போயிருந்தது. முதல் கேள்வியோடு நிறுத்தியிருந்தால் பியூஸை மாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், சில நாளில் மறுபடி போயிருக்கும். ஐந்து பதில்களில் ஒன்றில்கூட ஓர் ஆளின் பெயர் இல்லை என்பதைக் கவனியுங்கள்.

தவறு நேர்வதற்கு முன்பே தடுக்கும் வழியைத் தேடியவர் ஜப்பானியப் பொறியாளர் ஷிகேயோ ஷிங்கோ. 1961இல் யமடா எலெக்ட்ரிக் என்ற ஆலைக்குப் போனார். அங்கே ஒரு சுவிட்சுக்குள் இரண்டு குட்டி ஸ்பிரிங்குகளை வைக்க வேண்டும். சில நேரம் ஒன்றை வைக்க மறந்துவிடுவார்கள். கவனமாக இருங்கள் என்று மேலதிகாரிகள் சொல்வார்கள், சில நாள் சரியாக நடக்கும், மறுபடி மறதி வரும். ஷிங்கோ ஒரு சிறிய தட்டைக் கொண்டுவரச் செய்தார். டப்பாவிலிருந்து இரண்டு ஸ்பிரிங்குகளை எடுத்து முதலில் தட்டில் போட வேண்டும்; பிறகு தட்டிலிருந்து எடுத்துப் பொருத்த வேண்டும். வேலை முடிந்தும் தட்டில் ஒன்று மிஞ்சியிருந்தால் மறந்துவிட்டோம் என்று வேலை செய்தவருக்கே தெரிந்துவிடும். போக்கா யோக்கே என்று இன்று மேலாண்மைக் கல்லூரிகளில் கற்றுத்தரும் முறைக்கு எனக்குப் பிடித்த உதாரணம் இந்தத் தட்டுதான். இதே ஷிங்கோ, டொயோட்டாவில் 1,000 டன் பிரஸ் ஒன்றின் அச்சு மாற்ற ஆன நான்கு மணி நேரத்தை 1969 முதல் படிப்படியாக மூன்று நிமிடத்துக்குக் கொண்டுவர உதவினார். மெஷின் ஓடும்போதே செய்யக்கூடிய ஆயத்தங்களை முன்பே முடித்து வைப்பதுதான் அதில் முக்கியமான படி.

நிறுத்தும் உரிமை என்ன செய்யும் என்பதற்குக் கலிபோர்னியாவின் ஃப்ரீமான்ட் ஆலை சாட்சி. ஜெனரல் மோட்டார்ஸ் நடத்தியபோது என்ன நேர்ந்தாலும் லைன் நிற்கக் கூடாது என்பது அங்கே எழுதாத சட்டம். சில நாள் ஐந்தில் ஒருவர் வேலைக்கே வரமாட்டார். 1982இல் ஆலையை மூடினார்கள். டொயோட்டா கூட்டுச் சேர்ந்து 1984இல் நம்மி என்ற பெயரில் திறந்தபோது பெரும்பாலும் அதே தொழிலாளர்கள், அதே தொழிற்சங்கம். அவர்களில் நூற்றுக்கணக்கானவர்களை ஜப்பானுக்கு அனுப்பிப் பழக்கினார்கள், கயிற்றைக் கையில் கொடுத்தார்கள். சில ஆண்டுகளுக்குள் ஜப்பானிய ஆலைகளுக்கு நிகரான தரத்தில் கார்கள் வந்தன. சோம்பேறித் தொழிலாளர்கள் என்ற பழைய பேச்சு இத்தோடு பொய்த்தது. ஜெனரல் மோட்டார்ஸ் தன் மற்ற ஆலைகளுக்கு இதைக் கொண்டுபோக முயன்றபோது கயிற்றை எளிதாக மாட்ட முடிந்தது, இழுத்தால் கோபப்படாத மேலாளர்களை அவ்வளவு விரைவில் உண்டாக்க முடியவில்லை.

இந்த முறைக்குப் பலவீனமும் உண்டு. தேவையான நேரத்தில் மட்டும் பொருள் வரட்டும் என்று கையிருப்பைக் குறைத்து வைப்பதால் ஓர் இடத்து விபத்து எல்லா இடத்தையும் தாக்கும். 1997 பிப்ரவரி 1 அன்று ஐசின் நிறுவனத்தின் கரியா ஆலையில் தீப்பிடித்தது. பிரேக்குக்கான ஒரு சிறிய வால்வு அங்கிருந்துதான் பெருமளவில் வந்துகொண்டிருந்தது. சில நாட்களுக்குள் ஜப்பானில் டொயோட்டாவின் கார் ஆலைகள் ஏறக்குறைய எல்லாமே நின்றுவிட்டன. பல சப்ளையர்கள் தங்கள் பட்டறைகளில் அவசரமாக வால்வு செய்துகொடுத்த பிறகே ஏறத்தாழ ஒரு வாரத்தில் நிலைமை திரும்பியது.

ஜப்பானியத் தர முறைகள் தமிழ்நாட்டுக்குப் புதியவை அல்ல. தரத்துக்காக ஜப்பான் வழங்கும் டெமிங் பரிசை இந்தியாவில் முதலில் பெற்றது சென்னை பாடியில் இருந்த சுந்தரம் கிளேட்டனின் பிரேக் பிரிவு, 1998இல். 2002இல் டிவிஎஸ் மோட்டார் பெற்றது. ஓசூர், ஸ்ரீபெரும்புதூர், கோவைப் பட்டறைகள் பலவற்றில் இன்று பணியிட ஒழுங்குக்கான ஃபைவ் எஸ் பலகையும் முன்னேற்ற யோசனைகளுக்கான கைசன் பெட்டியும் மாட்டியிருக்கிறார்கள். அவை தேவையான கருவிகளே. ஆனால் பழுதைப் பார்த்தவர் வேலையை நிறுத்தலாம், நிறுத்தியதற்காக அவர் மேல் பழி வராது என்ற உறுதி இல்லாத இடத்தில் பலகை மட்டும் எதையும் மாற்றாது.

சிறு தொழில் நடத்துபவர்களிடம் ஒன்று கேட்டுக்கொள்கிறேன். ஆலோசகரை அழைப்பதற்கு முன், உங்கள் பட்டறையில் கடைசியாக வேலையை நிறுத்தித் தவறைச் சொன்னவர் யார், அன்று அவருக்கு என்ன பதில் கிடைத்தது என்று விசாரியுங்கள். அப்படி ஒருவரும் இல்லையென்றால், யாரைக் கூப்பிட வேண்டும், அவர் எத்தனை நிமிடத்தில் வந்து நிற்பார் என்பதை முதலில் முடிவு செய்து எல்லோருக்கும் சொல்லிவிடுங்கள்.