ஒரு நாடகக் கம்பெனியின் கடிதப் போக்குவரத்து

வரி, உரிமம், எடை முத்திரை என்றே எழுதியும் படித்தும் நமக்கும் அலுத்துவிட்டது. இம்முறை கொஞ்சம் விலகி, நூற்று இருபது வருடத்துக்கு முந்தைய லண்டன் நாடகக் கொட்டகை ஒன்றுக்குப் போய் வருவோம். நாடகத்துக்கும் மளிகைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சரக்குதான் வேறு. வாடகை, கூலி, முன்பணம், இன்ஷூரன்ஸ், பங்குதாரர் தொல்லை எல்லாம் அங்கேயும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டுக் கட்டாகக் கடிதம் உண்டு.

சிலமலையிலும் போடியிலும் மொத்த வியாபாரம் செய்த நம் தலைமுறைக்குக் கடிதத்தின் அருமையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலைத் தபால் வந்த பிறகுதான் கடையில் வேலை சூடு பிடிக்கும். கார்டில் விலை விசாரணை, இன்லண்டில் பாக்கிக் கணக்கு, அவசரமென்றால் தந்தி. படித்துப் பதில் போட்டதும் கம்பியில் குத்தி வைப்போம். பம்பாய், டெல்லி, கான்பூர் என்று முகமே பார்க்காத ஆட்களோடு ஏலக்காய் வியாபாரம் நடந்தது அந்தக் கம்பியை நம்பித்தான். தந்தி 2013 ஜூலையோடு நின்றது. இப்போது வாட்ஸ்அப்பில் குரலே வந்துவிடுகிறது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் போனை மாற்றும்போது போன வருடத்துப் பேச்சு வார்த்தை எங்கே போனது என்று தேடாதவர் நம்மில் எத்தனை பேர்?

விஷயத்துக்கு வருவோம். விக்டோரியா மகாராணி காலத்தில் இங்கிலாந்து நாடக மேடையில் முதல் இடத்தில் இருந்தவர் ஹென்றி இர்விங். 1838-ல் பிறந்தவர். பையனாக இருந்தபோது லண்டன் நியூகேட் தெருவில், இந்தியாவோடு வியாபாரம் செய்த ஒரு கம்பெனியில் குமாஸ்தாவாக உட்கார்ந்து எழுதியவர். 1856-ல் அந்த நாற்காலியை விட்டு நாடகத்துக்குப் போனார். இருபத்திரண்டு வருடம் நடித்த பிறகு, 1878-ல் லண்டன் லைசியம் தியேட்டரைத் தம் பொறுப்பில் குத்தகைக்கு எடுத்தார். கதாநாயகனும் அவரே, முதலாளியும் அவரே. 1895-ல் அவருக்கு ‘சர்’ பட்டம் கிடைத்தது. நடிகர் ஒருவருக்கு அந்தப் பட்டம் கிடைத்தது அதுவே முதல் தடவை.

மாலையில் ஷைலக்காகவோ ஹாம்லெட்டாகவோ மேடையேற வேண்டிய மனிதர், பகலில் மரக்கடைக்காரருக்கும் துணிக்கடைக்காரருக்கும் பதில் எழுதிக்கொண்டிருக்க முடியுமா? நம் கடைகளில் கணக்குப்பிள்ளை இருப்பதுபோல அவருக்கும் ஓர் ஆள் தேவைப்பட்டது. அந்த ஆள் யார் என்று சொன்னால் வீட்டுப் பிள்ளைகள் நிமிர்ந்து பார்ப்பார்கள். டிராகுலா என்ற பேய்க் கதையை எழுதிய பிராம் ஸ்டோக்கர்தான் அவர்.

ஸ்டோக்கர் அயர்லாந்துக்காரர். டப்ளினில் அரசாங்கக் குமாஸ்தா. சிறு நீதிமன்றங்களில் வேலை பார்க்கும் எழுத்தர்கள் எந்தப் பதிவேட்டில் எதை எப்படி எழுத வேண்டும் என்று விளக்கி ஒரு கைப்புத்தகமே எழுதியவர். அது 1879-ல் அச்சாகி வந்தது. பேய்க் கதைக்காரர் என்று உலகம் அறிந்த மனிதரின் முதல் புத்தகம் ரிஜிஸ்தர் எழுதும் முறை பற்றியது என்பதில் நமக்கு ஒரு தனிச் சந்தோஷம். 1876-ல் டப்ளினில் இர்விங்கின் ஹாம்லெட்டைப் பார்த்துப் பத்திரிகையில் பாராட்டி எழுதினார், பழக்கம் ஏற்பட்டது. 1878-ல் இர்விங் கூப்பிட்டதும் அரசாங்க வேலையை உதறிவிட்டு, டிசம்பர் 4-ந் தேதி கல்யாணம் முடித்த கையோடு லைசியத்துக்கு மானேஜராக வந்து சேர்ந்தார். இர்விங் இறக்கும்வரை இருபத்தேழு வருடம் அந்த வேலையை விடவில்லை.

ஒரு நாளைக்கு ஐம்பது கடிதம் வரைகூட ஸ்டோக்கர் எழுதியதுண்டு என்கிறார்கள். வேஷம் கேட்டு ஒருவர், நாடகம் எழுதியனுப்பி ஒருவர், தர்ம கைங்கரியத்துக்கு நன்கொடை கேட்டு ஒருவர், இலவசப் பாஸ் கேட்டுப் பத்துப் பேர் என்று தினமும் வந்து குவியும். சாமான் கொடுத்தவர் பாக்கி கேட்பது தனி. 1883-ல் கம்பெனி முதன்முதலாக அமெரிக்கா போனது. அதோடு சேர்த்து மொத்தம் எட்டுத் தடவை அமெரிக்கப் பயணம். ஆட்கள், உடுப்பு, திரைச்சீலை எல்லாம் கப்பலில் ஏறி, அங்கே ஊர் ஊராக ரயிலில் போக வேண்டும். டெலிபோன் பரவாத காலம். கடிதமும் தந்தியும்தான் அத்தனையையும் இழுத்துக்கொண்டு போயின. ஒரு லாரி ரசீது வராவிட்டால் நமக்கு இரண்டு நாள் தூக்கம் போகிறது!

இர்விங்குக்கு வந்த கடிதங்களில் பெரிய பெரிய கையெழுத்துகளும் உண்டு. அரசவைக் கவிஞர் டென்னிசன் தாம் எழுதிய ‘பெக்கட்’ நாடகத்தை 1879-ல் இர்விங்குக்கு அனுப்பினார். நீளம் அதிகம், செலவும் தாங்காது என்று இர்விங் அப்போது எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கதவைச் சாத்தவும் இல்லை. 1881-ல் அவருடைய வேறொரு நாடகத்தைப் போட்டார். தொடர்பு நீடித்தது. கடைசியில் 1893 பிப்ரவரி 6-ந் தேதி ‘பெக்கட்’ மேடையேறியது. டென்னிசன் அதற்கு நான்கு மாதம் முன்பே காலமாகிவிட்டார். இர்விங் பிற்காலத்தில் பெரிதும் நம்பியிருந்த நாடகங்களில் அதுவும் ஒன்று. இன்று வேண்டாம் என்று சொல்லும் சரக்கையும், அனுப்பியவர் மனம் நோகாதபடி வேண்டாம் என்று எழுதத் தெரிய வேண்டும். நம்மில் பலர் பதிலே போடுவதில்லை.

எல்லாக் கடிதமும் அப்படி இனிப்பாக இருக்கவில்லை. பெர்னார்ட் ஷா ஒரு சிறு நாடகத்தை இர்விங்கிடம் கொடுத்திருந்தார். அதே ஷா பத்திரிகையில் விமரிசனமும் எழுதுகிறவர். 1896 டிசம்பரில் இர்விங் நடித்த மூன்றாம் ரிச்சர்டைக் குத்தலாக எழுதினார். சில மாதத்தில் நாடகம் திரும்பி வந்தது. இருவருக்கும் நடந்த கடிதச் சண்டை இன்றும் படிக்கக் கிடைக்கிறது. இதில் கவனிக்க வேண்டியது ஒன்று. இர்விங்கின் பேருக்குப் போன கடிதங்கள் எல்லாம் அவரே எழுதியவை அல்ல. ஸ்டோக்கரைத் தவிர ஆஸ்டின் என்றொரு காரியதரிசியும் அவருக்காக எழுதினார். கையெழுத்து முதலாளியுடையது, வாசகம் வேறொருவருடையது. நம் கடை லெட்டர்பேடில் பையன்கள் என்ன எழுதி அனுப்புகிறார்கள் என்று அவ்வப்போது வாங்கிப் பார்ப்பது நல்லது.

இதே காலத்தில் நம் தமிழ்நாட்டு மேடை எப்படி இருந்தது என்ற கேள்வி எழும். 1891-ல் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாஸ சபையைத் தொடங்கினார். இர்விங் ஷைலக்காக நடித்த வெனிஸ் வியாபாரி கதையைத்தான் அவர் ‘வாணீபுர வணிகன்’ என்று தமிழாக்கினார். அதே 1891-ஐ ஒட்டித்தான் சங்கரதாஸ் சுவாமிகளும் நாடக உலகுக்கு வந்தார். பிறகு மதுரையை மையமாக வைத்துப் பாலர் கம்பெனிகள் பெருகின. பிள்ளையைச் சேர்க்கும்போது பெற்றோரிடம் பேச்சு, அடுத்த ஊரில் கொட்டகை பிடிக்க முன்கூட்டிப் போகும் ஆள், 1876-ஆம் வருடத்துச் சட்டத்தின் கீழ் சர்க்காரின் கெடுபிடி என்று இங்கேயும் காகித வேலைக்குக் குறைவில்லை. அவ்வை டி.கே. சண்முகம் ‘எனது நாடக வாழ்க்கை’ எழுதி வைத்ததால் அதில் ஒரு பகுதியாவது நமக்குத் தெரிகிறது.

நம் மதுரைச் சீமையில் இந்த விஷயத்தில் பெரிய புதையல் மதுரகவி பாஸ்கரதாஸ் விட்டுப் போன நாட்குறிப்புகள். 1931-ல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்துக்குப் பாட்டு எழுதியவர். தேச விடுதலைப் பாட்டுகளால் ஊரெங்கும் அறியப்பட்டவர். நாடகக்காரர்களுக்குப் பாட்டும் வசனமும் கொடுத்து வாத்தியாராக இருந்தவர். 1917 தொடங்கி 1951 வரை அவர் எழுதி வைத்த குறிப்புகளைப் பேரர் முருகபூபதி தொகுத்து நூலாக்கியிருக்கிறார். யாரைப் பார்த்தோம், எந்த ஊருக்குப் போனோம், என்ன வந்தது என்று நாள்வழிச் சிட்டை போலவே எழுதிய குறிப்புகள். கவிஞர் எழுதிய சிட்டை என்பதால் நமக்கு அதன்மேல் மரியாதை இன்னும் கூடுகிறது.

மீண்டும் லண்டன். இத்தனை ஒழுங்காகக் கடிதம் எழுதிய கம்பெனி எங்கே சறுக்கியது என்பதுதான் நாம் சொல்ல வந்தது. லைசியத்தின் பழைய காட்சித் திரைகள் எல்லாம் சதக் பகுதியில் ரயில் பாலத்து வளைவுகளுக்கு அடியில் குடோனில் கிடந்தன. 44 நாடகங்களுக்கான 260 காட்சிகள். 1898 பிப்ரவரி 18-ந் தேதி விடியற்காலையில் அந்தக் குடோன் தீப்பிடித்து அத்தனையும் சாம்பலாயிற்று. செய்த செலவு மட்டும் 30,000 பவுனுக்கு மேல். இன்ஷூரன்ஸ் எவ்வளவு தெரியுமா? 6,000 பவுன். முன்பு 10,000 பவுனுக்கு இருந்ததை, பிரீமியம் மிச்சம் என்று சமீபத்தில்தான் குறைத்திருந்தார்கள். அனுப்பிய ஆயிரக்கணக்கான கடிதங்களில், குறைத்துப் போடச் சொன்ன அந்த ஒன்றுதான் கம்பெனியின் இடுப்பை ஒடித்தது. புதுத் திரை எழுதிக்கொள்ளலாம் என்று நினைக்கலாம். ஆனால் புது நாடகம் ஓடாத நாளில் பழைய நாடகத்தைப் போட்டுத்தான் கல்லாவைச் சரிக்கட்டுவார்கள். அந்த வழி அடைபட்டது.

இந்த இடத்தில் நம் கடைக் கதையும் கொஞ்சம். முப்பது லட்ச ரூபாய் சரக்கை வைத்துக்கொண்டு பதினைந்து லட்சத்துக்குப் பாலிசி எடுத்திருப்போம். ஆறு லட்சம் எரிந்தால் ஆறும் வந்துவிடும் என்று எண்ணம். வராது, பாதி மதிப்புக்குப் போட்டால் நஷ்டத்திலும் பாதிதான், அதாவது மூன்று லட்சம். 2021 ஏப்ரல் முதல் ஐந்து கோடி வரையிலான சிறு தொழில், கடைகளுக்கு ‘பாரத் சூட்சும உத்யம் சுரக்ஷா’ என்ற பாலிசி வந்திருக்கிறது. அதில் மதிப்புக் குறைவு 15 சதவீதம் வரை இருந்தால் கழிக்கமாட்டார்கள். அதற்கு மேல் குறைத்துக் காட்டினால் பழைய கதைதான். ஏலக்காய் விலை ஏறும் வருடத்தில் மூட்டை எண்ணிக்கை அதேதான் என்று பாலிசியை அப்படியே விட்டுவிடுகிறோம். மூட்டைக்குள் இருக்கும் பணம் இரட்டிப்பாகியிருக்கும்.

அதே 1898 அக்டோபரில் கிளாஸ்கோ நகரில் இர்விங் நுரையீரல் நோயில் படுத்தார். கையில் பணமில்லை. லைசியத்தை ஒரு கூட்டுக் கம்பெனிக்கு மாற்றிக் கொடுக்கும் யோசனையோடு சிலர் வந்தார்கள், சம்மதித்தார். இருபது வருடமாக ஒவ்வொரு பைசாவையும் ஒவ்வொரு கடிதத்தையும் பார்த்த ஸ்டோக்கருக்கு, பேச்சு முடிந்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. நம் பார்வையில் தீ விபத்தைவிட இதுவே பெரிய நஷ்டம். உடம்பு முடியாத நேரத்தில் வரும் நல்ல விலையை, கணக்குத் தெரிந்த ஆளிடம் ஒரு வார்த்தை கேட்காமல் ஒப்புக்கொள்வது நம் ஊர்களிலும் பார்த்த சங்கதிதான். கூட்டுக் கம்பெனி 1899-ல் வந்தது. தியேட்டரில் தீப் பாதுகாப்புக்குப் பெரிய மராமத்து செய்யச் சொல்லி நகர நிர்வாகம் உத்தரவு போட, அந்தச் செலவைத் தாங்க முடியாமல் அதுவும் படுத்தது. 1902 ஜூலை 19-ந் தேதி லைசியத்தில் இர்விங்கின் கடைசி ஆட்டம். அன்று போட்டது வெனிஸ் வியாபாரி.

அதற்குப் பிறகும் அவர் ஓயவில்லை. வெளியூர்களில் நடித்துக்கொண்டே இருந்தார். 1905 அக்டோபர் 13-ந் தேதி பிராட்ஃபோர்டு நகரில் ‘பெக்கட்’ நடித்து முடித்து, தங்கியிருந்த ஓட்டலுக்குத் திரும்பியவர் அங்கேயே உயிர் விட்டார். வெஸ்ட்மின்ஸ்டர் அபேயில் அவர் அஸ்திக்கு இடம் கிடைத்தது. ஸ்டோக்கர் அடுத்த வருடமே முதலாளியைப் பற்றி இரண்டு பாகத்தில் நினைவுப் புத்தகம் எழுதினார். லைசியத்தின் உள்கணக்குப் பலவும் அதிலிருந்துதான் உலகுக்குத் தெரிய வந்தது.

ஸ்டோக்கருடைய கடைசிக் காலம் வசதியாக இல்லை. பக்கவாதம், பணமுடை. 1912 ஏப்ரல் 20-ந் தேதி இறந்தார். டிராகுலா நாவலைப் படித்தவர்களுக்குத் தெரியும், அந்தக் கதை முழுவதும் கடிதம், நாட்குறிப்பு, தந்தி என்றே நகரும். பகலெல்லாம் முதலாளிக்குக் கடிதம் எழுதிய கைக்கு வேறு எப்படிக் கதை சொல்ல வரும்! அந்த நாவலுக்காக அவர் எழுதி வைத்திருந்த குறிப்புக் கட்டு 1913-ல் லண்டனில் அவருடைய புத்தகங்களோடு ஏலத்துக்கு வந்தது. இரண்டு பவுன் சொச்சத்துக்குப் போயிற்று. இப்போது அமெரிக்காவில் பிலடெல்பியா நகரத்து ரோசன்பாக் மியூசியத்தில் இருக்கிறது.