கடிதப் பெட்டியும் பேரேடும்

தேன்குழல் பிழியத் தெரிந்த கைக்குக் கணக்கு எழுதவும் தெரியும் என்பதைச் செட்டிநாட்டு வாசகிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. கொண்டுவிற்கப் போன ஊரிலெல்லாம் நகரத்தார் பேரேட்டையும் கூடவே கொண்டு போனவர்கள். கடை இருப்பது ரங்கூனிலோ பினாங்கிலோ கொழும்பிலோ. முதலாளி இருப்பது காரைக்குடியிலோ தேவகோட்டையிலோ. மூன்று வருஷக் கெடுவுக்குச் சம்பளம் பேசிப் போன மேலாள் அங்கிருந்து கடிதம் எழுதுவார், கணக்கும் அனுப்புவார். இங்கே கணக்கப்பிள்ளை அதைப் படித்து, இன்னார் பற்று இவ்வளவு, வரவு இவ்வளவு என்று பேரேட்டில் ஏற்றுவார். கடிதத்தில் வந்தது பேரேட்டில் ஏறாமல் போனால் ஐந்தொகை எடுக்கும்போது இடிக்கும், வீடே அமளிப்படும்!

இன்று அந்தக் கடைகள் இல்லை. அந்தக் கணக்கப்பிள்ளைகளும் இல்லை. ஆனால் வியாபாரம் இருக்கிறது. காரைக்குடிக் கண்டாங்கிச் சேலைக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. கண்ணாடிப் பலகையில் வார்த்து எடுக்கும் ஆத்தங்குடிக் கல்லும், பனையோலைக் கொட்டானும், சீப்புச் சீடையும், மனகோலமும் கடல் கடந்து போகின்றன. வீட்டிலிருந்தபடியே இவற்றை அனுப்பும் பெண்மணிகள் பலருக்கு ஆர்டர் வருவது மின்னஞ்சலில். வாடிக்கைக்காரர் விவரம் இருப்பதோ வேறிடத்தில். இந்த இரண்டையும் இணைப்பது எப்படி, இணைத்தது அறுந்து போனால் என்ன செய்வது என்பதைத்தான் இந்த வாரம் பார்க்கப் போகிறோம். பயப்பட வேண்டாம். கந்தரப்பத்துக்குப் பதம் பார்க்கிறவர்களுக்கு இது பெரிய வித்தை அல்ல.

ஒரே கடை, இரண்டு விலை

ஒரு பேச்சுக்கு வைத்துக் கொள்வோம். காரைக்குடியில் ஓர் ஆச்சி கண்டாங்கிச் சேலை அனுப்புகிறார். கோலாலம்பூரில் ஒரு குடும்பம். அவர்கள் வீட்டில் ஆவணி மாதம் சாந்தி. உறவுக்காரப் பெண்களுக்குக் கொடுக்க 24 சேலை வேண்டும் என்று எழுதுகிறார்கள். மருமகள் தன் கைபேசியில் கடிதத்தைப் பார்க்கிறாள். சேலை ஒன்று 1,450 ரூபாய் என்று பதில் போடுகிறாள். மறுநாள் ஆச்சி கம்ப்யூட்டரில் பேரேட்டைத் திறக்கிறார். அந்த வாடிக்கைக்காரர் பக்கத்தில் ஒன்றுமே இல்லை. "அடடா, பதில் போடவில்லையே!" என்று பதறி, 1,600 ரூபாய் என்று எழுதி விடுகிறார்.

"நேத்தே நான் பதில் போட்டுட்டேனே, அயித்தை!" என்று மருமகள் சொல்வதற்குள் கடிதம் மலேயாக் கரையைத் தொட்டு விட்டது.

கோலாலம்பூர்க்காரர் என்ன நினைப்பார்? ஒரே கடையில் இரண்டு விலையா என்றுதானே? அவர் சண்டை போட மாட்டார். பேசாமல் வேறு கடைக்குப் போய்விடுவார். மாமியாரும் மருமகளும் ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக் கொள்வார்கள். உண்மையில் தப்பு இருவர் பேரிலும் இல்லை. கடிதப் பெட்டிக்கும் பேரேட்டுக்கும் நடுவே ஆள் போட மறந்து விட்டார்கள், அவ்வளவுதான்.

இரண்டு ஆட்கள்

இந்தப் பேரேட்டுக்கு வெளியார் வைத்திருக்கும் பெயர் சி.ஆர்.எம். வாடிக்கைக்காரர் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம். பெயர், விலாசம், வாங்கியது, கேட்டது, பாக்கி எல்லாம் அதில். இதைச் செய்து தரும் கம்பெனிகள் உலகத்தில் எத்தனையோ. நம் தமிழ்நாட்டிலேயே ஒன்று உண்டு. 1996-ல் அட்வெண்ட்நெட் என்ற பெயரில் தொடங்கி, 2009-ல் ஜோஹோ என்று பெயர் மாற்றிக் கொண்ட கம்பெனி. அதன் சி.ஆர்.எம். 2005-ல் வெளிவந்தது. சிறு கடைகளுக்கென்றே பிகின் என்ற சின்னப் பேரேட்டையும் 2020-ல் வெளியிட்டது. தென்காசிப் பக்கத்தில் 2011 முதல் அதற்கு அலுவலகம் இருக்கிறது.

மின்னஞ்சல் இதைவிட வயதில் மூத்தது. கம்ப்யூட்டர்களுக்கு இடையே முதல் கடிதத்தை 1971-ல் அனுப்பியவர் அமெரிக்கரான ரே டாம்லின்சன். ஆள் பெயருக்கும் இடத்தின் பெயருக்கும் நடுவே '@' குறியைப் போட்டவரும் அவர்தான். கடிதங்களை நாம் படிக்க உதவும் அவுட்லுக், தண்டர்பேர்ட், கைபேசியில் உள்ள ஜிமெயில் இவையெல்லாம் வெறும் ஜன்னல்கள். கடிதம் உண்மையில் இருப்பது கம்பெனியின் கம்ப்யூட்டரில் உள்ள பெட்டியில்.

அந்தப் பெட்டிக்கும் பேரேட்டுக்கும் நடுவே இரண்டு ஆட்கள் வேலை செய்கிறார்கள். உள்ளே வந்த கடிதத்தைப் பார்த்துச் சொல்கிறவர் பெயர் ஐமேப். 1986-ல் மார்க் கிரிஸ்பின் என்பவர் உருவாக்கியது. வெளியே கடிதம் கொண்டு போகிறவர் பெயர் எஸ்.எம்.டி.பி.; அதன் விதிகள் 1982-ல் எழுதப்பட்டன. பாதுகாப்பாகப் போய்வர, முதல் ஆளுக்கு 993 என்ற வாசல். இரண்டாவது ஆளுக்கு 465 அல்லது 587.

பாப் என்று இன்னொரு பழைய ஆளும் உண்டு. அவர் கடிதத்தை அள்ளிக் கொண்டு வந்து விடுவார். "பெட்டியில் ஒரு பிரதி இருக்கட்டும்" என்று சொல்லி வைக்காவிட்டால் அங்கே அழித்தும் விடுவார். நாம் அனுப்பிய கடிதங்களைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஐமேப் அப்படி இல்லை. கடிதம் பெட்டியிலேயே இருக்கும்; அனுப்பியவையும் தெரியும். ஆகவே இரண்டு பேர் இரண்டு ஜன்னலில் பார்க்கும் வீட்டுக்கு ஐமேப்தான் ஏற்றது. நம் ஆச்சி வீட்டில் அது இருந்திருந்தால், மருமகள் கைபேசியில் போட்ட பதில் சற்று நேரத்தில் பேரேட்டிலும் வந்து உட்கார்ந்திருக்கும்.

இவ்வளவும் வேண்டாம் என்பவர்களுக்குச் சுலபமான வழி ஒன்று உண்டு. பல பேரேடுகள் நமக்கென்று தனி விலாசம் ஒன்றைத் தரும். பதில் எழுதும்போது அந்த விலாசத்துக்கும் மறைநகல் போட்டால், கடிதம் உரிய பக்கத்தில் ஒட்டிக் கொள்ளும். ஆனால் ஒவ்வொரு தடவையும் ஞாபகமாகப் போட வேண்டும். ஞாபகம் இருந்தால் கணக்கப்பிள்ளை எதற்கு!

முதலில் ஒரு கடிதம் போட்டுப் பாருங்கள்

இணைப்பு வேலை செய்யவில்லையா? கண்ட பொத்தானையெல்லாம் அமுக்காதீர்கள். உங்களுடைய வேறொரு விலாசத்தைப் பேரேட்டில் ஒரு வாடிக்கைக்காரராக ஏற்றுங்கள். அங்கிருந்து கடைக்கு ஒரு கடிதம் போடுங்கள். பெட்டியில் வந்ததா? பேரேட்டில் வந்ததா? இப்போது பேரேட்டிலிருந்து பதில் எழுதுங்கள். போய்ச் சேர்ந்ததா? பெட்டியில் 'அனுப்பியவை' என்ற இடத்தில் இருக்கிறதா? இந்த நான்கு கேள்விக்கும் பதில் கிடைத்தால் கோளாறு எங்கே என்று பாதி தெரிந்த மாதிரிதான். ஒரு விஷயம்: சில பேரேடுகள் சில நிமிஷங்களுக்கு ஒரு தரம்தான் பெட்டியைப் பார்க்கும். சற்றுப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் பிறகு சந்தேகப்படுங்கள்.

*பேரேட்டில் எந்தக் கடிதமுமே வரவில்லை என்றால்:* சந்தேகம் சாவி மேல். கடவுச்சொல்லை யாராவது மாற்றினார்களா என்று வீட்டில் விசாரியுங்கள். கடவுச்சொல் சரியாக இருந்தும் உள்ளே விடாமல் போகலாம். 2022 மே 30 முதல் கூகுள், வெளி மென்பொருள்களை வெறும் பெயரும் கடவுச்சொல்லும் சொன்னால் அனுமதிப்பதில்லை என்று வைத்து விட்டது. அதே வருஷம் அக்டோபரில் மைக்ரோசாஃப்ட்டும் தன் அலுவலகப் பெட்டிகளில் பழைய முறையை நிறுத்தத் தொடங்கியது. அதற்குப் பதில் என்ன? 'கூகுள் வழியாக நுழைக' என்பது போன்ற பொத்தானை அமுக்கி, கூகுளின் சொந்தப் பக்கத்திலேயே அனுமதி கொடுக்க வேண்டும். அல்லது, இரண்டடுக்குச் சோதனையை ஏற்படுத்திக் கொண்டு, அந்த மென்பொருளுக்கு மட்டும் 16 எழுத்துள்ள தனிச் சாவி வாங்க வேண்டும். முக்கியமான கடவுச்சொல்லை மாற்றினால் இந்தத் தனிச் சாவிகள் செல்லாமல் போகும். புதிதாக வாங்கிக் கொள்ள வேண்டியதுதான்.

சாவி சரி என்றால் வாசலைப் பாருங்கள். சில பெட்டிகளில் ஐமேப் என்பதை நாமே திறந்து வைத்தால்தான் உண்டு. வாசல் எண்ணில் ஓர் இலக்கம் பிசகினாலும் கதவு திறக்காது.

*சிலருடைய கடிதம் வருகிறது, சிலருடையது வரவில்லை என்றால்:* சந்தேகம் விலாசத்தின் மேல். பேரேடு மனிதரை முகம் பார்த்து அறியாது. மின்னஞ்சல் விலாசத்தை மட்டுமே பார்க்கும். கோலாலம்பூர்க்காரர் அலுவலக விலாசத்தில் ஆர்டர் கொடுத்து விட்டுச் சொந்த விலாசத்தில் விசாரித்தால், பேரேட்டுக்கு அவர் வேற்று மனிதர். இரண்டையும் ஒரே பக்கத்தில் எழுதி வையுங்கள். ஒருவருக்கே இரண்டு பக்கம் இருந்தால் ஒன்றாக்குங்கள்.

*ஒரே கடிதம் இரண்டு மூன்று தடவை வந்தால்:* ஐமேப்பும் இருக்கிறது, அவுட்லுக்கில் ஓர் ஒட்டு மென்பொருளும் இருக்கிறது, மறைநகலும் போகிறது. ஒரு வேலைக்கு மூன்று ஆள்! ஒன்றை வைத்துக் கொண்டு மற்றதை நிறுத்துங்கள்.

*போன கடிதம் போய்ச் சேரவில்லை என்றால்:* அது எதிராளியின் குப்பைப் பெட்டியில் கிடக்கக்கூடும். கடைக்கென்று சொந்த இணையப் பெயர் வைத்திருப்பவர்கள் மூன்று காரியம் செய்ய வேண்டும். இன்னின்னார் என் பெயரில் கடிதம் கொண்டு போகலாம் என்ற பட்டியல். அதன் பெயர் எஸ்.பி.எஃப். கடிதத்தின் மேல் ஒரு முத்திரை, அது டி.கே.ஐ.எம். இரண்டும் பொருந்தாத கடிதத்தை என்ன செய்வது என்ற உத்தரவு, அது டிமார்க். 2024 பிப்ரவரி முதல் கூகுளும் யாஹூவும் இவற்றில் கண்டிப்பாக இருக்கின்றன. ஜிமெயில் விலாசங்களுக்கு ஒரே நாளில் 5,000-க்கு மேல் அனுப்புகிறவர்களுக்கு மூன்றும் வேண்டும்; சிறு கடைக்கும் முதல் இரண்டில் ஒன்றாவது வேண்டும். பேரேட்டுக் கம்பெனி தன் வழியாக உங்கள் பெயரில் கடிதம் அனுப்புவதானால், அதன் பெயரும் அந்தப் பட்டியலில் ஏற வேண்டும். இணையப் பெயர் வாங்கிக் கொடுத்தவரிடம் சொன்னால் செய்து தருவார்.

எல்லாக் கடிதமும் கடைக் கடிதம் அல்ல

இனிச் சொல்லப் போவதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். பெட்டியைப் பேரேட்டோடு இணைத்தால், பேரேட்டைப் பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்தக் கடிதங்களைப் பார்க்க நேரலாம். பிறந்த வீட்டிலிருந்து ஆத்தா எழுதிய கடிதமும், டாக்டர் அனுப்பிய பரிசோதனை முடிவும், மகளின் ஜாதகமும் அதே பெட்டியில் இருந்தால்? ஆத்தாவின் விலாசம் என்றைக்கோ ஒரு சேலைக்காகப் பேரேட்டில் ஏறியிருந்தால், அவர் மனம் விட்டு எழுதியதெல்லாம் கடைப் பையன் கண்ணிலும் படும். வளவில் பேச வேண்டியதை முகப்பில் போட்டுப் பேசுவதுண்டா?

ஆகவே கடைக்கென்று ஒரு பெட்டி, சொந்தத்துக்கென்று ஒரு பெட்டி என்று முதல் நாளே பிரித்து விடுங்கள். பேரேட்டின் அமைப்பில், 'என் கடிதங்களை நான் மட்டும் பார்க்க', 'எல்லோரும் பார்க்க' என்பது போன்ற பிரிவுகள் இருக்கும். இணைக்கும்போதே அதைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். வாடிக்கைக்காரரின் விவரமும் அப்படியே. அவர் நம்மை நம்பிக் கொடுத்த விலாசமும் தொலைபேசி எண்ணும் ஊருக்கு விநியோகிக்க அல்ல. தனிநபர் விவரங்களைக் காக்க இந்தியாவில் 2023-ல் தனிச் சட்டமே வந்திருக்கிறது.

இன்னும் ஒன்று. "உங்கள் மெயில் இணைப்பு அறுந்து விட்டது, நான் சரி செய்கிறேன், இப்போது வந்த எண்ணைச் சொல்லுங்கள்" என்று யாராவது போனில் கேட்டால் சொல்லாதீர்கள். கேட்பவர் எவ்வளவு மரியாதையாகப் பேசினாலும் சரி! ஏமாந்து பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்குச் சொல்லுங்கள்.

இந்த வாரமே ஓர் அரைமணி நேரம் ஒதுக்கி, மாமியாரும் மருமகளுமாக உட்காருங்கள். யார் பதில் எழுதுவது, எந்தப் பெட்டியை இணைப்பது, எதை இணைக்காமல் விடுவது என்று பேசி முடிவு செய்யுங்கள். பிறகு சோதனைக் கடிதம் ஒன்று போட்டுப் பாருங்கள். பதில் எழுதுவதற்கு முன் பேரேட்டில் அவர் பக்கத்தை ஒரு தடவை பார்ப்பது என்ற பழக்கம் மட்டும் இருவருக்கும் வந்து விட்டால், கோலாலம்பூருக்கு ஒரே விலைதான் போகும். 24 சேலையும் சாந்திக்கு முன்னால் போய்ச் சேரும்.