சந்தை உருளையை மண்ணில் வைக்கும் முன்

கொல்லிமலைச் சோளக்காட்டுச் சந்தையில் வாங்கிய உருளைக்கிழங்கு அடுக்களை மூலையில் முளைவிட்டுவிட்டால், வீணாக்குவானேன் என்று கொல்லையில் புதைக்கத்தான் கை போகும். வாழவந்தி நாட்டுக் குளிரும் அதற்குத் தோதானது. இரவு வெப்பம் 20 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் உருளை நன்றாகக் கிழங்கு கட்டும். ஆனால் அந்தக் கிழங்கு எந்த மண்ணிலிருந்து வந்தது என்று கேட்காமல் நடக் கூடாது.

மரவள்ளி போடுகிறவர்களுக்குப் பாதி விஷயம் தெரிந்ததுதான். தேமல் நோய் கண்ட செடியின் குச்சியை நட்டால் அடுத்த வெள்ளாமையிலும் தேமல்தான். உருளையிலும் வைரஸ் நோய்களும் வாடல் நோயும் கிழங்குக்குள்ளேயே பயணம் செய்யும். மீதிப் பாதி, கிழங்கில் ஒட்டிவரும் மண்.

1961ல் நீலகிரி மண்ணில், உருளையைத் தாக்கும் முட்டைக்கூடு நூற்புழு கண்டறியப்பட்டது. நாட்டில் அதுவே முதல் முறை. இதன் பெண் புழு செத்த பிறகு அதன் உடலே கெட்டியான கூடாகிவிடும். உள்ளே நூற்றுக்கணக்கில் முட்டைகள். உருளையே நடாமல் விட்டாலும் அவை மண்ணில் 20 வருஷம்கூட உயிரோடு கிடக்கும். கிழங்கு, சாக்கு, மண்வெட்டி, செருப்பு என்று எதில் ஒட்டியும் ஊர் மாறும். 1971ல் தமிழக அரசு நீலகிரி விதைக்கிழங்கு வெளியே போகக் கட்டுப்பாடு விதித்தது. ஆனாலும் புழு கொடைக்கானல் மலைக்கும் போய்ச் சேர்ந்தது. 2018ல் இமாச்சலம், உத்தராகண்ட், ஜம்மு காஷ்மீர் விதைக்கிழங்குக்கும் மத்திய அரசு இதே காரணத்துக்காகத் தடை போட்டது.

கட்டுப்பாடு விதைக்குத்தான், சாப்பாட்டுக் கிழங்குக்கு இல்லை. மேட்டுப்பாளையம் மண்டி வழியாக ஊட்டி உருளை எல்லா ஊருக்கும் போகிறது, அதில் தவறும் இல்லை. கறிக்கு வாங்கியதை நாம் புதைக்கிற நிமிஷத்தில்தான் அது விதையாகிறது. எந்தச் சோதனைச் சாவடியும் நம் கொல்லையில் கிடையாது. நம் மலை மண்ணுக்கு இந்தப் புழு வந்துவிட்டால் திருப்பி அனுப்ப வழியில்லை. அதனால் ஆசைக்கு நாலு செடி என்றாலும் சந்தைக் கிழங்கை நட வேண்டாம் என்பேன். கிடங்கில் முளை கட்டாதிருக்க மருந்து காட்டிய கிழங்கு என்றால் ஒழுங்காக முளைக்கவும் முளைக்காது.

சான்று பெற்ற விதைக்கிழங்காகக் கேளுங்கள். அதில் நீல நிறச் சான்றட்டை இருக்கும். 1966ஆம் ஆண்டு விதைச் சட்டத்தின்படி கிழங்கும் விதைதான். ரசீதில் ரகம், குவியல் எண், தேதி மூன்றும் வேண்டும். அட்டையையும் ரசீதையும் அறுவடை முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். விதை மோசமென்றால் விதை ஆய்வாளரிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். நாமக்கல் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்கும் 2 வருஷத்துக்குள் போகலாம். கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்வரை என்றால் கட்டணமே இல்லை. விதை வாங்கிய விவசாயியும் நுகர்வோரே என்று 2012ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. சோதனைக்கு விதை மிச்சம் வைக்கவில்லையே என்று கம்பெனி தட்டிக்கழிக்கவும் முடியாது.

சொந்த விளைச்சலில் கிழங்கு எடுத்து வைத்து மறுபடி நடவும், அக்கம்பக்கத்தில் மாற்றிக்கொள்ளவும், விற்கவும் 2001ஆம் ஆண்டுப் பயிர் ரகப் பாதுகாப்புச் சட்டத்தின் 39ஆம் பிரிவு உரிமை தருகிறது. பிராண்ட் பெயர் போட்டு விதையாக மட்டும் விற்கக் கூடாது. 2019ல் குஜராத்தில் தன் சிப்ஸ் ரகத்தை விளைவித்தார்கள் என்று சில விவசாயிகள் மேல் பெப்சிகோ கோடிக்கணக்கில் இழப்பீடு கேட்டு வழக்குப் போட்டது. விவசாயிகள் இந்தப் பிரிவைக் காட்டி எதிர்த்தார்கள். எதிர்ப்பு வலுக்கவும் கம்பெனி வழக்கைத் திரும்பப் பெற்றது. உரிமை இருப்பதாலேயே நோய்க் கிழங்கைப் பங்காளி வீட்டுக்குக் கொடுத்துவிடக் கூடாது என்பது வேறு விஷயம்.

நட்ட பிறகு கிழங்கு வெளியே தெரியாமல் மண் அணையுங்கள். வெயில் பட்டுப் பச்சையான கிழங்கில் சோலனின் என்ற நஞ்சு கூடும், வேகவைத்தாலும் போகாது.

பாத்தியில் ஓரிடத்தில் மட்டும் செடிகள் குட்டையாகி மஞ்சளித்தால் ஒன்றை மெல்லப் பிடுங்கி வேரைப் பாருங்கள். குண்டூசித் தலையைவிடச் சிறிதாக, வெள்ளையோ மஞ்சளோ உருண்டைகள் ஒட்டியிருந்தால் அது அந்த நூற்புழுவாக இருக்கலாம்; அந்த மண்ணை வேறெங்கும் கொண்டுபோகாமல் செம்மேட்டில் தோட்டக்கலை அலுவலரிடம் சொல்லுங்கள். அதன் பிறகு அந்தப் பாத்தியில் உருளை மட்டுமல்ல, தக்காளி, கத்திரியும் கூடாது. பீன்ஸ், முள்ளங்கி, பூண்டு போடலாம்.