குவில்ட் தைக்க ஆசையா? துணியை வெட்டுமுன் இவற்றைச் சோதித்துப் பாருங்கள்

அம்மாவின் பழைய பருத்திப் புடவை, தம்பிக்குச் சின்னதாகிப்போன சட்டை, தேக்காவில் வாங்கிய மிச்சத் துணி... இவற்றைத் துண்டு துண்டாக வெட்டிச் சேர்த்துத் தைத்தால் அதுதான் குவில்ட்டின் மேல்பக்கம். நடுவில் பஞ்சு விரிப்பு, அடியில் இன்னொரு துணி. மூன்றையும் சேர்த்துப் பிடிப்பது தையல்.

ஒன்றை முடிக்கப் பல மாதம்கூட ஆகலாம். முதல் தடவை துவைக்கும்போதே சாயம் இறங்கிவிட்டால்? கடைத் துணியை மறுபடி வாங்கலாம். அம்மாவின் புடவையை?

அதனால்தான் வெட்டுவதற்கு முன்பே சோதனை. பெரிய செலவு இல்லை. ஒரு வார இறுதி போதும்.

துணி: சாயம் போகுமா? சுருங்குமா?

துணியின் ஓரத்திலிருந்து சிறு துண்டை வெட்டி, வெள்ளைத் துணியோடு சேர்த்து வெதுவெதுப்பான சவர்க்கார நீரில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியைத் தனியாக அலசுங்கள். நிறம் இறங்குவது நின்ற பிறகே பயன்படுத்துங்கள். அடர் சிவப்பு, கருநீலத் துணிகளில் கூடுதல் கவனம் தேவை.

அடுத்து, சரியாக 10 செண்டிமீட்டர் சதுரம் ஒன்றை வெட்டித் துவைத்து, காயவைத்து, அளந்து பாருங்கள். 9.5 செண்டிமீட்டர் ஆகிவிட்டால் அது 5 விழுக்காடு சுருங்கும் துணி. சுருங்காத துணியோடு அப்படியே சேர்த்துத் தைத்தால் துவைத்த பிறகு குவில்ட் கோணல்மாணலாக இழுத்துக்கொள்ளும். எல்லாத் துணியையும் முதலிலேயே துவைத்துவிடுவது நல்லது.

பழைய புடவையா? வெளிச்சத்தில் பிடித்து, இரண்டு கட்டைவிரலாலும் மெல்ல இழுத்துப் பாருங்கள். இழை விலகினாலோ கிழிந்தாலோ அந்தப் பகுதி வேண்டாம். கொசுவம் வைக்கும் இடம் அதிகம் தேய்ந்திருக்கலாம். மற்ற இடங்களில் உறுதியான துணி கிடைக்கும்.

பேனா: கோடு அழியுமா, திரும்பி வருமா?

ரொம்பப் பேர் யோசிக்காத விஷயம் இது. தையல் கோடு போடும் பேனாக்கள் மூன்று வகை.

• தானாக மறையும் ஊதா நிறப் பேனா: காற்றில் ஈரப்பதம் கூடினால் சீக்கிரம் மறையும். சிங்கப்பூரில் நீங்கள் பாதி தைப்பதற்குள் கோடு காணாமல் போகலாம்.

• தண்ணீரில் கரையும் நீலப் பேனா: நீரில் அலசினால் போய்விடும். அதற்கு முன்பு இஸ்திரி போட்டால் கறை அப்படியே நின்றுவிடக்கூடும்.

• சூட்டில் அழியும் பேனா: மை ஏறக்குறைய 60 டிகிரி செல்சியஸில் நிறமற்றுப் போகும். ஆனால் துணியைவிட்டுப் போவதில்லை! கடுங்குளிரில், சுமார் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே, கோடு திரும்ப வரலாம். உங்கள் குவில்ட் குளிர்காலத்தில் ஹொக்கைடோ போனால் என்ன ஆகும், யோசித்துப் பாருங்கள்.

எப்படிச் சோதிப்பது? துண்டுத் துணியில் கோடு போட்டு, இஸ்திரி போட்டு, ஓர் இரவு ஃபிரீசரில் வையுங்கள். காலையில் பதில் தெரிந்துவிடும்.

பஞ்சு விரிப்பு: நம் ஊர் வெயிலுக்குத் தாங்குமா?

பாலியெஸ்டர் விரிப்பு இலேசாக, உப்பலாக இருக்கும். ஆனால் வெப்பத்தைப் பிடித்துவைக்கும். மெல்லிய பருத்தி விரிப்பில் காற்று புகும். 20 செண்டிமீட்டரில் ஒரு மாதிரி தைத்து, ஏர்கான் போடாமல் மடியில் அரை மணி நேரம் வைத்துப் பாருங்கள். வியர்த்தால் வேறு விரிப்பு தேடலாம். பிறகு அதையே துவையுங்கள். பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டால் தையல் வரிகளை நெருக்கமாகப் போட வேண்டும்.

ஊசியும் நூலும்

கையால் குவில்ட் தைக்கக் குட்டையான 'பிட்வீன்ஸ்' ஊசி உண்டு. எண் கூடக் கூட ஊசி மெலியும். புதிதாகத் தொடங்குவோர் 8 அல்லது 9ஆம் எண்ணில் ஆரம்பிக்கலாம். பாட்டியின் பெட்டியில் கிடைத்த பழைய நூலை இரு கைகளாலும் வெடுக்கென்று இழுங்கள். சட்டென அறுந்தால் அதை நம்ப வேண்டாம்.

விடுமுறைக்கு எடுத்துப் போகலாமா?

தாராளமாக. அதற்கு ஏற்றது அறுகோணத் தையல். தாளில் வெட்டிய அறுகோணத்தின்மீது துணியை மடித்துத் தைத்து, ஒவ்வொன்றாக இணைப்பதுதான் வேலை. இயந்திரம் வேண்டாம்.

இதற்கும் சிங்கப்பூருக்கும் ஒரு தொடர்பு உண்டு. ஜப்பானிய ஆக்கிரமிப்புக் காலத்தில் சாங்கி சிறையில் அடைக்கப்பட்ட சிறுமிகள், கிடைத்த துணித் துணுக்குகளை அறுகோணங்களாகத் தைத்தார்கள். அது இன்று பிரிட்டனின் இம்பீரியல் போர் அரும்பொருளகத்தில் இருக்கிறது. அங்கே பெண்கள் 66 சதுரங்கள் கொண்ட குவில்ட்டுகளையும் தைத்தனர். பிரிந்திருந்த கணவர்களுக்குத் தாங்கள் உயிரோடு இருப்பதைச் சொல்ல, சதுரங்களில் தங்கள் பெயர்களைப் பின்னினர்.

பயணத்துக்குச் சின்ன டப்பா போதும்: 20 அறுகோணத் தாள்கள், வெட்டிய துணி, மூன்று ஊசி, அட்டையில் சுற்றிய நூல், குட்டிக் கத்தரிக்கோல்.

விமானத்தில் கவனம்! பிரிட்டிஷ் விமான நிலையங்களில் கைப்பையில் வைக்கும் கத்தரிக்கோலின் அலகு 6 செண்டிமீட்டருக்கு மேல் இருக்கக்கூடாது. அமெரிக்காவில் திருகாணியிலிருந்து சுமார் 10 செண்டிமீட்டருக்குள் இருக்க வேண்டும். விதி இடத்துக்கு இடம் மாறும். இறுதி முடிவு சோதனை அதிகாரியின் கையில். உருளைக் கத்தியையும் பெரிய கத்தரிக்கோலையும் பதிவுசெய்யும் பெட்டியில் போட்டுவிடுங்கள்.

ஹோட்டல் மெத்தையில் உட்கார்ந்து தைக்கிறீர்களா? தொடங்கும்போதும் முடிக்கும்போதும் ஊசிகளை எண்ணுங்கள். ஒன்று குறைந்தால், அது கிடைக்கும்வரை யாரையும் படுக்கவிடாதீர்கள்!