தடைப்பட்ட கல்விக்கும் உபகாரச் சம்பளம் வேண்டும்

செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி 1965-ஆம் ஆண்டில் தோன்றியது. தறியிலும் வயலிலும் உழைப்போர் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவமும் செவிலியமும் பயில்வது இன்று அரிய செய்தியன்று. அரசுப் பள்ளியில் பயின்று நீட் தேர்வில் தேறியோர்க்கு மாநில மருத்துவ இடங்களில் 7.5 விழுக்காட்டை 2020-ஆம் ஆண்டுச் சட்டம் ஒதுக்கியது. உயர்கல்வி பயிலும் அரசுப் பள்ளி மாணவியர்க்கு மாதம் 1,000 ரூபாய் வழங்கும் புதுமைப் பெண் திட்டம் 2022-லும், மாணவர்க்கான தமிழ்ப் புதல்வன் திட்டம் 2024-லும் தொடங்கின. இவை யாவும் போற்றத்தக்கன. எனினும் இவற்றிடையே ஓர் இடைவெளி உள்ளது.

மருத்துவக் கல்வி உள்ளத்தை வருத்தும் கல்வி. இரவுப் பணி, ஓயாத தேர்வுகள், மரணத்தை அருகிருந்து காணும் துயரம், இவற்றுடன் வீட்டுக் கடனின் நினைவும் சேர்கிறது. மனச்சோர்வுற்ற மாணவர் ஓராண்டு பின்தங்கினால் வருகைப் பதிவு குறைகிறது, தேர்வு தவறுகிறது, விடுதிச் செலவு மீண்டும் வருகிறது. உபகாரச் சம்பளங்களிற் பல மதிப்பெண்ணையும் வருகையையும் அளவுகோலாகக் கொண்டவை. 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் மனநோயையும் ஏற்றுள்ளது. ஆயினும் அதன்வழி உதவித்தொகை பெற 40 விழுக்காடு குறைபாட்டுச் சான்று வேண்டும். ஓராண்டு நோயுற்று மறு ஆண்டு தேறுபவர் இவ்விரண்டிலும் அடங்கார். நோய் தீர்ந்த பின்னரும் பணமின்மையால் படிப்பு நின்றுவிடுகிறது.

அமெரிக்காவில், மனச்சிதைவு போன்ற கடும் நோயுற்றோர் மீண்டும் கல்வியைத் தொடர்வதற்கென்றே பேயர் மறுவாழ்வு உதவித்தொகை நிறுவப்பட்டது. மீண்டோர் பயன்படுவர் என்பதற்கு நம் கடற்கரையிலும் சான்றுண்டு. 1993-இல் சென்னையில் தொடங்கப்பெற்ற ‘தி பான்யன்’ நிறுவனம், மாமல்லபுரம் செல்லும் சாலையிலுள்ள கோவளத்திலும் மனநலப் பணி ஆற்றி வருகிறது. அந்நிறுவனத்தில் நோயினின்று மீண்டோர் சிலர் பிறரைப் பேணும் பணியாளராகியுள்ளனர். துன்பத்தைத் தாமே அறிந்தவர் பிறர் துன்பத்தை எளிதில் உணர்வரன்றோ?

இங்கே கூட்டுறவுச் சங்கங்கள் செய்யத்தக்க பணி ஒன்றுண்டு. நிகர லாபத்தில் பொதுநல நிதி ஒதுக்கத் துணைவிதிகள் இடந்தரும் சங்கங்கள், அங்கத்தினர் வீட்டு மாணவர் மீளப் பயிலும் ஓராண்டின் கட்டணத்தில் ஒரு பகுதியை ஏற்கலாம். மருத்துவரின் கடிதம் போதுமானது. நோயின் பெயரைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுதல் கூடாது. நோய்ச் செய்திகள் மறைவாகக் காக்கப்படும் உரிமையை 2017-ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம் வழங்கியுள்ளது. திருமணப் பேச்சுக்குத் தடையாகுமென அஞ்சிப் பெற்றோர் நோயை மறைக்கும் ஊர்களில் இக்காப்பு மிகவும் இன்றியமையாதது.

வங்கியிற் கல்விக் கடன் பெற்றோர், படிப்பு நீளுமெனில் தவணை தொடங்கும் முன்னரே எழுத்து மூலம் கால நீட்டிப்புக் கோர வேண்டும். மனம் கலங்கியவர் 14416 என்னும் எண்ணில் எந்நேரமும் இலவசமாக ஆலோசனை பெறலாம். இச்சேவை 2022-இல் தொடங்கியது.

ஓர் இழை அறுந்ததற்காக எந்த நெசவாளரும் பாவு முழுவதையும் வெட்டி எறிவதில்லை. முடிந்துகொண்டு மேலே நெய்கிறார். பிள்ளைகளின் கல்வியிலும் அப்பொறுமை வேண்டும். அடுத்த மகாசபையில் இப்பொருளை வைத்து ஆராயுமாறு நிர்வாகக் குழுவினரைக் கேட்டுக்கொள்கிறோம்.