காட்டூருக்கு வரும் வரிப்பணம்: கணக்குக் கேட்பது யார்?

சட்டப்பேரவையில் பட்ஜெட் வாசிக்கப்படும் நாளில் நம் கவனம் முழுவதும் அறிவிப்புகளின் மீதே இருக்கிறது. எந்த ஊருக்குப் பாலம், எந்தத் துறைக்கு எத்தனை கோடி, யாருக்கு எவ்வளவு உதவித்தொகை என்று மறுநாள் பேசிக்கொள்கிறோம். ஒதுக்கிய பணம் போய்ச் சேர்ந்ததா, சேர்ந்த பணம் சொன்ன வேலைக்குத்தான் செலவானதா என்று சரிபார்க்கும் வேலை அதற்குப் பிறகுதான் தொடங்குகிறது. அதற்காகவே பேரவையில் குழுக்கள் உள்ளன. அவை எப்படி இயங்குகின்றன, எதுவரை அவற்றின் கை எட்டுகிறது, எந்த இடத்தில் நம்முடைய பங்கு தேவைப்படுகிறது என்பதை இக்கட்டுரையில் பார்ப்போம்.

பொதுவாகப் பேசினால் விஷயம் பிடிபடாது. எனவே திருவள்ளூர் மாவட்டம் மீஞ்சூர் ஊராட்சி ஒன்றியத்தைச் சேர்ந்த காட்டூரையும், பழவேற்காடு ஏரியை ஒட்டிய மீனவ ஊர்களையும் எடுத்துக்கொள்வோம்.

பணம் வரும் வழிகள்

ஒரு கிராம ஊராட்சிக்குப் பணம் மூன்று வழிகளில் வருகிறது. முதலாவது, ஊராட்சி தானே வசூலிப்பது. வீட்டு வரி, தொழில் வரி, குடிநீர்க் கட்டணம் போன்றவை இதில் அடங்கும். 1994ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் இந்த அதிகாரத்தைத் தருகிறது. நிலம் கைமாறும்போது முத்திரைத் தீர்வையோடு சேர்த்து வசூலாகும் கூடுதல் தொகையும் உள்ளாட்சிகளுக்கு உரியது.

இரண்டாவது, மாநில அரசின் வரி வருவாயிலிருந்து வரும் பங்கு. 1993 ஏப்ரல் 24 அன்று நடைமுறைக்கு வந்த அரசமைப்பின் 73ஆவது திருத்தம், ஒவ்வொரு மாநிலமும் ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாநில நிதி ஆணையம் அமைக்க வேண்டும் என்கிறது. எவ்வளவு பங்கை, எந்த அடிப்படையில் உள்ளாட்சிகளுக்குத் தர வேண்டும் என்று அந்த ஆணையம் பரிந்துரைக்கும். தமிழ்நாட்டில் மாநிலத்தின் சொந்த வரி வருவாயில் நிகரமாக 10 விழுக்காடு உள்ளாட்சிகளுக்குப் பிரித்துத் தரப்படுகிறது. அதாவது மாநிலம் 100 ரூபாய் வசூலித்தால் 10 ரூபாய். அதை ஊரகத்துக்கும் நகர்ப்புறத்துக்கும் ஏறக்குறைய பாதிப் பாதியாகப் பிரிக்கிறார்கள். ஊரகப் பங்கு மாவட்ட ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், கிராம ஊராட்சி என மீண்டும் மூன்றாகப் பிரிகிறது. ஏறத்தாழ 12,500 கிராம ஊராட்சிகளில் ஒன்றின் பங்குதான் காட்டூருக்கு வந்து சேர்கிறது.

மூன்றாவது, மத்திய நிதிக்குழு மானியம். 15ஆவது நிதிக்குழு, மத்திய அரசின் பகிரத்தக்க வரிகளில் 41 விழுக்காட்டை மாநிலங்களுக்குத் தரச் சொன்னது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 விழுக்காடு. இது மாநிலக் கருவூலத்துக்குப் போகும் பணம். இதற்கு அப்பால் உள்ளாட்சிகளுக்கென்று தனி மானியமும் உண்டு. 2021 முதல் 2026 வரையிலான காலத்துக்கு, ஊரக உள்ளாட்சி மானியத்தில் 60 விழுக்காட்டைக் குடிநீருக்கும் துப்புரவுக்கும் மட்டுமே செலவிட வேண்டும் என்று நிபந்தனை விதிக்கப்பட்டது. மீதி 40 விழுக்காட்டை ஊரின் தேவையைப் பார்த்துச் செலவிடலாம்.

'பகிரத்தக்க வரி' என்ற சொல்லில் ஒரு நுட்பம் இருக்கிறது. செஸ், கூடுதல் வரி எனப்படும் சர்சார்ஜ் ஆகியவை பகிரத்தக்க வரிகளில் சேராது. அவை முழுவதும் மத்திய அரசுக்கே. டீசல் மீது மத்திய அரசு வசூலிக்கும் தொகையில் பெரும் பகுதி இந்த இரண்டு பெயர்களில்தான் வருகிறது. ஏரியில் படகு ஓட்டுபவர் ஒவ்வொரு லிட்டருக்கும் கட்டும் அந்தப் பணத்தின் பெரும் பகுதி பங்கீட்டு வழியில் அவருடைய ஊருக்குத் திரும்பி வருவதற்கு இடமில்லை. வரியின் பெயர் மாறினால் அது போய்ச் சேரும் இடமும் மாறிவிடுகிறது. வரிப்பங்கீட்டைக் கண்காணிப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான்.

ஒரே ஊர், பல கணக்குகள்

ஓர் ஊரின் எல்லைக்குள் செலவாகும் பணம் அனைத்தும் ஊராட்சியின் கணக்கில் வருவதில்லை. காட்டூர் ஏரியையும் தத்தமஞ்சி ஏரியையும் இணைத்து நீர்த்தேக்கமாக்கும் திட்டம் நீர்வளத் துறையுடையது. பட்ஜெட்டில் அது மானியக் கோரிக்கை எண் 40இல் வரும். பழவேற்காடு முகத்துவாரம் மணலால் அடைபடாமல் காப்பது மீனவர்களின் நெடுநாள் கோரிக்கை. முகத்துவாரம் அடைத்துக்கொண்டால் படகு கடலுக்குப் போக முடியாது, ஏரிக்குள் மீனும் இறாலும் வந்து சேராது. மீன்வளத் துறைக்கான பணம் மானியக் கோரிக்கை எண் 7இல் இருக்கிறது. தெருக்குழாயும் தெருவிளக்கும் ஊராட்சியின் பொறுப்பு. அதற்கான நிதி, ஊரக வளர்ச்சித் துறையின் மானியக் கோரிக்கை எண் 42 வழியாக வருகிறது.

அரசமைப்பின் 11ஆவது அட்டவணை, ஊராட்சிகளிடம் ஒப்படைக்கத்தக்க 29 துறைகளைப் பட்டியலிடுகிறது. அதில் ஐந்தாவது மீன்வளம். ஆனால் மீன்வளத்துக்கான பெரும் பணம் துறையின் கையில்தான் உள்ளது. எனவே முகத்துவாரத்துக்காக ஊராட்சியிடம் சண்டை போடுவதும், தெருக்குழாய்க்காகச் சட்டமன்ற உறுப்பினரை மட்டும் நம்பியிருப்பதும் நேரத்தை வீணாக்கும். எந்தப் பணம் எந்தக் கணக்கில் இருக்கிறது என்று தெரிந்தால்தான் சரியான இடத்தில் கேள்வி கேட்க முடியும்.

செலவுக்கு முன்பும் பின்பும்

பணத்தைப் பற்றிய கேள்வியைச் செலவுக்கு முன்பும் கேட்கலாம், பின்பும் கேட்கலாம். நாடாளுமன்றத்தில் 1993 முதல் துறைவாரி நிலைக்குழுக்கள் இருக்கின்றன. பட்ஜெட் தாக்கலான பிறகு அவை ஒவ்வோர் அமைச்சகத்தின் மானியக் கோரிக்கையையும் ஆராய்ந்து அறிக்கை தருகின்றன. கேரளச் சட்டமன்றத்தில் பொருள்வாரிக் குழுக்கள் இந்த வேலையைச் செய்கின்றன. தமிழ்நாட்டில் மானியக் கோரிக்கைகள் நேரடியாகப் பேரவையிலேயே விவாதிக்கப்படுகின்றன. பெரிய துறைக்கும் ஒரு நாள், அரை நாள் விவாதம்தான். அமைச்சரின் பதிலுரையோடு வாக்கெடுப்பு முடிந்துவிடும்.

வெளிநாட்டு உதாரணம் ஒன்றைப் பார்ப்போம். நிலமும் கட்டடமும் வாங்கும்போது கட்டும் வரியை 2015 ஏப்ரல் முதல் ஸ்காட்லாந்து தானே விதிக்கிறது. அதற்கு முன் அது லண்டனின் கையில் இருந்தது. அந்த வரி எவ்வளவு வசூலாகும் என்பதை அரசே சொல்லிவிட்டுப் போக முடியாது. அரசின் கட்டுப்பாட்டில் இல்லாத நிதி ஆணையம் ஒன்று மதிப்பிடுகிறது. ஸ்காட்லாந்து நாடாளுமன்றத்தின் நிதிக் குழு அந்த ஆணையத்தையும் அமைச்சரையும் அழைத்துப் பொதுமக்கள் பார்க்கும்படி விசாரிக்கிறது. வரி விதிக்கும் அதிகாரம் கீழே இறங்கி வந்தபோது அதைக் கேள்வி கேட்கும் ஏற்பாடும் கூடவே இறங்கி வந்தது. நமக்குப் பாடம் இதுதான்.

பொதுக் கணக்குக் குழு என்ன செய்கிறது?

தமிழ்நாடு சட்டப்பேரவையில் நிதியைக் கண்காணிக்கும் குழுக்களில் மதிப்பீட்டுக் குழு, பொதுக் கணக்குக் குழு, பொது நிறுவனங்கள் குழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. மதிப்பீட்டுக் குழு, ஒதுக்கிய பணத்தை இன்னும் சிக்கனமாகவும் பயனுள்ளதாகவும் செலவிட வழி உண்டா என்று பார்க்கிறது. மாவட்டங்களுக்கு நேரில் வந்து பணிகளைப் பார்வையிடுகிறது. பொது நிறுவனங்கள் குழு, அரசு நிறுவனங்களின் கணக்கைப் பார்க்கிறது.

பொதுக் கணக்குக் குழுவின் வேலை செலவுக்குப் பிந்தையது. சி.ஏ.ஜி. எனப்படும் இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரின் அறிக்கைதான் அதற்கு அடிப்படை. அரசமைப்பின் 151ஆவது பிரிவின்படி அந்த அறிக்கை ஆளுநரிடம் தரப்பட்டு, பேரவையில் வைக்கப்படுகிறது. பிறகு ஒவ்வொரு பத்திக்கும் துறை எழுத்தில் விளக்கம் தர வேண்டும். துறைச் செயலாளர் குழுவின் முன் வந்து பதில் சொல்ல வேண்டும். குழு பரிந்துரை தரும். அதன்மீது என்ன நடவடிக்கை எடுத்தோம் என்று துறை மீண்டும் தெரிவிக்க வேண்டும். பேரவை அனுமதித்ததைவிடக் கூடுதலாக ஒரு துறை செலவிட்டிருந்தால், அதற்கான காரணத்தையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

இது வலுவான ஏற்பாடு. ஆனால் வேகம் குறைவு. 2015 டிசம்பரில் சென்னையும் சுற்றுப்புறமும் வெள்ளத்தில் மூழ்கின. அந்த வெள்ளத்தைக் கையாண்ட விதம் பற்றிய சி.ஏ.ஜி. அறிக்கை பேரவையில் வைக்கப்பட்டது 2018 ஜூலையில். பொதுக் கணக்குக் குழுவின் வேலை அதன் பிறகுதான் தொடங்கும். அதற்குள் அதிகாரிகள் மாறிவிடுவார்கள், ஒப்பந்தக்காரருக்குப் பணம் போய்விடும். பழுதான வேலை பழுதாகவே நிற்கும்.

குழுவின் கை எட்டாத தூரம்

கிராம ஊராட்சி என்று வரும்போது இன்னொரு சிக்கலும் சேர்கிறது. 12,500 ஊராட்சிகளின் கணக்கையும் சி.ஏ.ஜி. நேரடியாகப் பார்ப்பதில்லை. உள்ளாட்சிக் கணக்குகளுக்கென மாநில அரசின் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறை இருக்கிறது. அதற்கு நுட்ப வழிகாட்டுதல் தருவதும், சில அமைப்புகளைத் தேர்ந்தெடுத்துச் சோதிப்பதும் சி.ஏ.ஜி.யின் பணி. 2010 முதல் 2015 வரைக்கான 13ஆவது நிதிக்குழு, இந்தத் தணிக்கை அறிக்கைகளையும் சட்டப்பேரவையில் வைக்க வேண்டும் என்று நிபந்தனை விதித்தது. கேரளாவில் உள்ளாட்சிக் கணக்குகளை ஆராய்வதற்கென்றே ஒரு சட்டமன்றக் குழு இருக்கிறது. மகாராஷ்டிரத்தில் பஞ்சாயத்து ராஜ் குழு அந்த வேலையைச் செய்கிறது.

எந்த மாநிலமாக இருந்தாலும், சென்னையிலோ திருவனந்தபுரத்திலோ அமரும் குழு ஒவ்வோர் ஊரின் கைப்பம்பையும் எண்ணிப் பார்க்க முடியாது. எழுதப்பட்ட கணக்கும், அதன்மீது ஊர் மக்கள் பதிவு செய்த ஆட்சேபமும் இருந்தால்தான் தணிக்கையாளருக்கும் குழுவுக்கும் பிடிப்பதற்கு ஒரு நூல் கிடைக்கும். அந்த நூல் தொடங்கும் இடம் கிராம சபை.

தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள் இல்லாத காலம்

2016 அக்டோபரில் நடக்கவிருந்த உள்ளாட்சித் தேர்தல் நீதிமன்ற உத்தரவால் ரத்தானது. அடுத்த தேர்தல் 2019 டிசம்பரில்தான் நடந்தது. இடைப்பட்ட காலத்தில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்கள் நிர்வகித்தார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லை என்ற காரணத்தால் மத்திய நிதிக்குழு மானியம் நிறுத்திவைக்கப்பட்டது. 2019இல் திருவள்ளூர் உள்ளிட்ட 27 மாவட்டங்களில் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களின் பதவிக்காலம் 2025 ஜனவரி 5 அன்று முடிந்தது. பொறுப்பு மறுபடியும் தனி அலுவலர்களிடம் போனது.

இதன் பாதிப்பு பணத்தோடு நிற்பதில்லை. ஊராட்சித் தலைவர் தவறு செய்தால் அடுத்த தேர்தலில் ஊர் பதில் சொல்லும். தனி அலுவலருக்கு அந்த அச்சம் இல்லை. அவர் மேலதிகாரிக்கு மட்டுமே பதில் சொல்பவர். அத்தகைய காலத்தில் கிராம சபையும் வலுவிழந்தால், ஊருக்குள் கணக்குக் கேட்க ஒருவரும் இருக்க மாட்டார்கள்.

நாம் செய்யக் கூடியவை

பழவேற்காடு மீனவர்களிடம் 'பாடு' என்றொரு முறை உண்டு. ஏரியில் எந்த இடத்தில், எந்த நாளில், யார் வலை போடுவது என்பதை முறை வைத்துப் பிரித்துக்கொள்வார்கள். யாருடைய முறை என்பது எல்லோருக்கும் தெரிந்திருப்பதால், ஒருவர் இரண்டு முறை எடுத்துக்கொள்ள முடியாது. பாட்டில் பெயர் இல்லாதவருக்கு அங்கே பேச இடமில்லை என்ற குறையும் அதில் உண்டு. வரிப்பணத்தில் அந்தக் குறை இல்லை. சோப்பு வாங்கும்போதும் டீசல் போடும்போதும் எல்லோரும் வரி கட்டுகிறோம். எனவே எல்லோர் பெயரும் அந்தப் பட்டியலில் இருக்கிறது. ஜமாஅத்தின் ஆண்டுக் கணக்கில் ஒரு வரி புரியாவிட்டால் எழுந்து கேட்கிற நாம், ஊராட்சிக் கணக்கு வாசிக்கப்படும் இடத்துக்குப் போவதே இல்லை. அதுவும் பொது அமானிதம்தான்.

கிராம சபை ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 ஆகியவை அந்த நாட்கள். ஊராட்சியின் வரவு செலவையும் தணிக்கை அறிக்கையையும் அங்கே கேட்பது நம் உரிமை. மத்திய நிதிக்குழு மானியம் எந்த வேலைக்குச் செலவானது என்பதை இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் ஊர்ப் பெயரைத் தேர்ந்தெடுத்துப் பார்க்கலாம். வீட்டிலிருக்கும் பிள்ளையிடம் கைப்பேசியைக் கொடுத்தால் சில நிமிடங்களில் எடுத்துத் தரும். அந்தப் பட்டியலோடு கிராம சபைக்குப் போய், இந்தக் கால்வாய் எங்கே இருக்கிறது என்று கேட்டு, கேள்வியைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வைக்க வேண்டும். எழுதாத கேள்வி மறுநாள் இருக்காது.

ஊராட்சியைத் தாண்டிய விஷயங்களுக்குச் சட்டப்பேரவையின் மனுக்கள் குழு இருக்கிறது. மாவட்டத்துக்கு வருமுன் பொதுமக்களிடம் மனு கேட்டு அது அறிவிப்பு வெளியிடும். நீண்ட காலமாகத் தீராத பொதுப் பிரச்சினையாக மனு இருக்க வேண்டும். தனிநபர் குறையும், நீதிமன்றத்தில் உள்ள வழக்கும் ஏற்கப்படாது. முகத்துவாரமும் ஏரிக்கரையும் இதற்குப் பொருத்தமான பொருள்கள். அமைச்சர் அவையில் வாக்குறுதி தந்து நிறைவேறாமல் இருந்தால் அதை ஆராய்வது அரசு உறுதிமொழிக் குழு. மறைக்கப்படும் ஆவணத்தைப் பெற 2005ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது.

கோட்டையில் கூடும் குழு நம் ஊரை மறந்துவிட்டது என்று குறைபடுவது எளிது. அந்தக் குழுவின் மேசைக்குப் போகும் காகிதங்களில் நம் ஊரின் கேள்வி ஒன்றாவது இருக்கிறதா என்று அடுத்த கிராம சபை நாளில் நம்மை நாமே கேட்டுக்கொள்வோம். இல்லையென்றால் அன்றே எழுதத் தொடங்குவோம்.